திரும்பி வந்த செக்கும் கேஷியரின் சம்பளமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் வங்கிக்கும் ஆட்களுக்கும் பெயர் கொடுக்கவில்லை. தொகைகளையும் நேரடியாகச் சொல்லாமல், சம்பந்தப்பட்ட கேஷியரின் ஒரு மாதச் சம்பளத்தை அளவாக வைத்துச் சொல்கிறேன். ஒரு தொகை வங்கிக்கு எவ்வளவு சிறியது, கவுண்டரில் இருப்பவருக்கு எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் விளங்கும். விசாரணையில் கேஷியரின் தரப்பில் அவருக்கு உதவியாக உட்கார்ந்தவன் நான். அதனால் என்னை நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் நடந்ததாக இங்கே எழுதியிருப்பவை எல்லாம் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஆவணங்களில் உள்ளவை.

பின்னணி

கேஷியருக்கு அந்தக் கிளையில் நான்கு வருட அனுபவம். அதுவரை அவர் பெயரில் ஒரு மெமோகூட இல்லை. வாடிக்கையாளர் சிறு வியாபாரி, பல வருடங்களாக அங்கே நடப்புக் கணக்கு வைத்திருப்பவர். கிளையில் எல்லோருக்கும் தெரிந்த முகம்.

செக் போட்டதும் கணக்கில் ஏறும் வரவு, முடிந்துபோன வரவு அல்ல. செக்கை எழுதியவரின் வங்கி அதைப் பார்த்து, கையெழுத்தையும் இருப்பையும் சரிபார்த்து, பணம் கொடுக்க ஒப்புக்கொள்ளும் வரை அது தற்காலிக வரவுதான். அதனால் கணினித் திரையில் இரண்டு எண்கள் தெரியும்: மொத்த இருப்பு ஒன்று, எடுக்கக்கூடிய இருப்பு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் தொகை ‘நிறுத்தி வைத்த’ தொகை. அதை விடுவிக்க அந்த வங்கியில் கேஷியருக்கு அதிகாரம் கிடையாது. மேலதிகாரி ஒருவர் தன் பயனர் எண்ணையும் கடவுச்சொல்லையும் போட்டால்தான் திரை நகரும். இதைக் கிளையில் ‘ஓவர்ரைடு’ என்பார்கள்.

சில நாடுகளில் இந்தக் காத்திருப்பைச் சட்டமே சுருக்கிவிட்டது. அமெரிக்காவில் 1987-ல் வந்த ஒரு சட்டம், செக் போட்ட பணத்தை வாடிக்கையாளர் எத்தனை நாளுக்குள் எடுக்க விட வேண்டும் என்று வங்கிகளுக்குக் கெடு வைத்தது. அந்தக் கெடு முடிந்த பிறகும் செக் திரும்பி வரலாம். பிரிட்டனில் 2017-ல் செக்கின் படத்தை வைத்துத் தீர்வு (கிளியரிங்) செய்யும் முறை தொடங்கியது. அதன்படி வேலை நாளில் போட்ட செக்கின் பணம் அடுத்த வேலை நாள் இரவு 11.59-க்குள் கைக்கு வந்துவிட வேண்டும். எங்கேயானாலும் ‘எடுக்கலாம்’ என்பதும் ‘பாஸ் ஆகிவிட்டது’ என்பதும் ஒன்றல்ல. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. நான் பார்த்தவரை கிளை ஊழியர்களிலும் சிலருக்கு இது மங்கலாகத்தான் இருக்கிறது.

அன்றைக்கு நடந்தது

வியாழக்கிழமை மதியம் கூட்டம் அதிகம், அடுத்த நாள் விடுமுறை. வியாபாரி ஒரு செக் கொண்டு வந்தார். புதிதாக ஒருவருக்குச் சரக்கு கொடுத்து, அவரிடம் வாங்கிய செக். தொகை, கேஷியரின் ஏறக்குறைய 6 மாதச் சம்பளம். அதில் 5 மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகையை அன்றே ரொக்கமாகக் கேட்டார்.

கேஷியர் முடியாது என்றார். வியாபாரி குரல் உயர்த்தவில்லை. ‘உள்ளே கேட்டுச் சொல்லுங்கள்’ என்று மட்டும் சொன்னார். மேலாளர் தொலைபேசியில் இருந்தார். துணை மேலாளர் கவுண்டருக்கு வந்து திரையைப் பார்த்தார். “தெரிஞ்ச பார்ட்டிதான், குடுத்திடுங்க” என்றார். கேஷியர், “மேடம், இது புது ஆளோட செக். பாஸ் ஆகலையே” என்றார். “மேனேஜர் எப்பவும் குடுப்பாரே. நான் போட்டுத் தர்றேன்” என்று சொல்லிவிட்டுத் தன் கடவுச்சொல்லை அடித்தார். பணம் எண்ணிக் கொடுக்கப்பட்டது.

ஓவர்ரைடு போடும்போது ‘காரணம்’ என்று ஒரு கட்டம் வரும். அதைக் காலியாக விட்டால் கணினி ஏற்காது. அந்தக் கட்டத்தில் அன்று பதிவானது ஒரே ஒரு முற்றுப்புள்ளி.

அன்று மாலை இன்னொன்றும் நடந்தது. தீர்வுக்கு அனுப்ப வேண்டிய செக் கட்டில் இந்தச் செக் சேரவில்லை. கேஷியரின் இழுப்பறையில், பணம் கொடுத்த சீட்டுகளுக்கு அடியில் தங்கிவிட்டது. விடுமுறை கழிந்து சனிக்கிழமை காலைதான் அனுப்பப்பட்டது. இது கேஷியரின் தவறு. அதை அவர் எந்தக் கட்டத்திலும் மறுக்கவில்லை.

செக் திரும்பியதும்

செவ்வாய்க்கிழமை செக் திரும்பியது. காரணம் ‘கணக்கு மூடப்பட்டது’. ‘போதிய பணமில்லை’ என்று வந்திருந்தால் கதை வேறு. கணக்கு மூடியிருக்கிறது என்றால், அந்தச் செக் எழுதப்பட்ட அன்றே வெற்றுத் தாள்தான். பின்னர் கேட்டு வாங்கிய தகவலின்படி, செக்கில் இருந்த தேதிக்குப் பல வாரங்களுக்கு முன்பே அந்தக் கணக்கு மூடப்பட்டிருந்தது.

வியாபாரியின் கணக்கில் தொகையைத் திரும்பப் பற்று வைத்தார்கள். பணம் ஏற்கெனவே வெளியே போயிருந்ததால் கணக்கு 5 மாதச் சம்பள அளவுக்குப் பற்றில் நின்றது. அன்று மாலையே மேலாளர் கேஷியரை அறைக்கு அழைத்து ஒரு தாளை நீட்டினார். ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்த உறுதிமொழிக் கடிதம்: ‘என் கவனக்குறைவால் ஏற்பட்ட இந்த இழப்பை என் சம்பளத்திலிருந்து 20 தவணைகளில் ஈடுசெய்யச் சம்மதிக்கிறேன்.’ பெயரும் தொகையும் மட்டும் கையால் நிரப்ப வேண்டும். வெற்றுப் படிவமே தயாராக இருந்தது என்றால், இதற்கு முன்பும் யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். இந்த நிகழ்வில் என்னை அதிகம் சங்கடப்படுத்தியது இதுதான்.

கையெழுத்துப் போட்டால் விஷயம் இங்கேயே முடியும், இல்லாவிட்டால் மேலே போகும், அப்புறம் வேலைக்கே ஆபத்து என்று அவரிடம் சொல்லப்பட்டது. அவர் ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு வெளியே வந்து, அவர் தரப்பில் பின்னர் உதவிய எங்களுக்குப் போன் செய்தார்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு, அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதில்லை. அது வெறும் வருத்தக் கடிதம் அல்ல. தவறு என்னுடையது என்ற ஒப்புதலும் கடனை ஏற்கும் ஒப்பந்தமும் ஒரே தாளில் இருந்தன. யார் என்ன செய்தார்கள் என்று யாரும் விசாரிக்காத நிலையில், விசாரணையின் முடிவை அவரே எழுதிக் கொடுப்பதாக அது ஆகியிருக்கும். அதே சமயம் பேசாமல் இருப்பதும் சரியல்ல. அதனால் மறுநாளே ஒரு விளக்கக் கடிதம் கொடுத்தார். நடந்ததை நேர வரிசையில், அடைமொழி இல்லாமல், ஒன்றரைப் பக்கத்தில் எழுதினோம். செக் இழுப்பறையில் தங்கியதையும் அதிலேயே சொல்லிவிட்டோம். மறைத்திருந்தால், பிறகு அவர் சொல்லும் உண்மைகளுக்கும் மதிப்பிருந்திருக்காது.

இரண்டாவது முடிவு, ஆவணங்களை உடனே எழுத்தில் கேட்பது. கேமராப் பதிவுகளை வங்கிகள் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் வைத்திருக்கும். அப்புறம் புதுப் பதிவு பழையதை அழித்துவிடும். கவுண்டர் கேமராவின் வியாழக்கிழமைப் பதிவு, ஓவர்ரைடு பதிவேடு, அதே வாடிக்கையாளருக்கு முந்தைய ஒரு வருடத்தில் போடப்பட்ட ஓவர்ரைடுகளின் பட்டியல் ஆகிய மூன்றையும் பாதுகாத்து வைக்கும்படி கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினார். அந்த முத்திரை இல்லாமல் போயிருந்தால் இந்த ஆய்வை எழுதவே வாய்ப்பு வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது முடிவில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. துணை மேலாளரின் பெயரை எப்படிக் கொண்டு வருவது? கேஷியருக்கு அவர்மேல் மரியாதை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவரே அவர்தான். ‘என்னைக் காப்பாற்ற மேடத்தை மாட்டிவிட மாட்டேன்’ என்று பிடிவாதமாக இருந்தார். கடைசியில், யாரையும் குற்றம் சொல்லாமல், யாருடைய பயனர் எண்ணில் தொகை விடுவிக்கப்பட்டது என்ற தகவலை மட்டும் எழுதுவது என்று ஒப்புக்கொண்டோம். தகவலைச் சொல்வது வேறு, பழி சுமத்துவது வேறு.

இதற்கிடையில், கையெழுத்தில்லாமலேயே முதல் மாதச் சம்பளத்தில் கால் பங்கு பிடிக்கப்பட்டிருந்தது.

சட்டம் எங்கே நிற்கிறது

பணியாளரின் அலட்சியத்தால் நட்டம் வந்தால் முதலாளி அவரிடம் அதைக் கேட்க முடியுமா? கொள்கை அளவில் முடியும் என்று சொன்ன பெரிய தீர்ப்பு உண்டு. 1957-ல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த லிஸ்டர் வழக்கு அது. லாரியைப் பின்னால் எடுத்தபோது சக ஊழியரை, அதாவது தன் சொந்தத் தந்தையையே, மோதிவிட்ட ஓட்டுநர் தன் நிறுவனத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அது அவ்வளவு கடுமையாகப் பட்டதால், கூட்டுச் சதியோ வேண்டுமென்றே செய்த தவறோ இல்லாதவரை அந்த உரிமையைப் பயன்படுத்துவதில்லை என்று பிரிட்டனின் காப்பீட்டு நிறுவனங்கள் பின்னர் தங்களுக்குள் ஒப்புக்கொண்டன.

மற்ற இடங்களிலும் சட்டம் இந்த உரிமைக்கு வேலி போட்டிருக்கிறது. ஜெர்மனியின் தொழிலாளர் நீதிமன்றங்கள் அலட்சியத்தைத் தரம் பிரிக்கின்றன. இலேசான அலட்சியத்துக்கு ஊழியர் பொறுப்பில்லை. நடுத்தர அலட்சியத்துக்கு இரு தரப்பும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கடும் அலட்சியத்துக்குப் பொதுவாக முழுப் பொறுப்பு. கலிபோர்னியாவில் நேர்மையின்மை, வேண்டுமென்றே செய்த செயல், கடும் அலட்சியம் இவற்றில் ஒன்று இல்லாமல் பணக்குறைவைச் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. இந்தியாவில் 1936-ன் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் இரண்டு நிபந்தனைகளை வைத்தது: இழப்பு அந்த ஊழியரின் அலட்சியத்தாலோ தவறாலோ நேரடியாக வந்திருக்க வேண்டும், பிடிப்பதற்கு முன் அவருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே வரையறை தொடர்கிறது.

இந்த வங்கியின் பணி விதியும் இதே சாயலில்தான் இருந்தது: ‘அலட்சியத்தாலோ உத்தரவை மீறியதாலோ வங்கிக்கு ஏற்பட்ட பண இழப்பை, முழுதாகவோ பகுதியாகவோ சம்பளத்திலிருந்து வசூலிக்கலாம்.’ இதில் ‘ஏற்பட்ட’ என்ற பகுதியைத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டோம். தவறு நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, அந்தத் தவறால்தான் இந்த இழப்பு வந்தது என்று வங்கி காட்ட வேண்டும்.

விசாரணையில் தெரிந்தவை

வங்கி தரப்பின் வாதம் இரண்டு தூண்களில் நின்றது. ஒன்று, பணத்தை எண்ணிக் கொடுத்தது கேஷியர். இரண்டு, செக்கைத் தாமதமாக அனுப்பியதும் கேஷியர்.

தாமதத்தை எடுத்துக்கொள்வோம். செக் வியாழன் மாலையே போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? கணக்கு பல வாரங்களுக்கு முன்பே மூடப்பட்டது. ஒரு நாள் முன்னதாகத் திரும்பியிருக்கும், அவ்வளவுதான். பணம் வெளியே போனது வியாழன் மதியம். மாலையில் நடந்த ஒரு தவறு மதியம் போன பணத்துக்குக் காரணமாக இருக்க முடியாது. விசாரணை அதிகாரி இதைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுதாமல் இருந்தார். பிறகு, அந்த ஒரு நாளில் வியாபாரியின் கணக்கிலிருந்து வேறு பணம் ஏதாவது வெளியே போனதா என்று கேட்டார். சரியான கேள்வி. பார்த்தோம், எதுவும் போகவில்லை.

முதல் தூணுக்குக் கேமராப் பதிவு பதில் சொன்னது. கடவுச்சொல்லை அடித்தது யார் என்பதுதான் விசாரணையின் மையக் கேள்வியாக இருந்தது. பல கிளைகளில் அவசரத்துக்கு அதிகாரிகள் கடவுச்சொல்லைக் கீழே உள்ளவரிடம் சொல்லி, ‘நீங்களே போட்டுக்கோங்க’ என்பார்கள். இங்கேயும் அப்படி நடந்திருந்தால் கேஷியரின் நிலை முற்றிலும் வேறு. இன்னொருவரின் அதிகாரத்தைத் தானே பயன்படுத்தியவர் ஆகியிருப்பார், நாங்களும் அவருக்கு அதிகம் வாதாட முடிந்திருக்காது. பதிவில் துணை மேலாளர் கவுண்டருக்குள் வந்து, கேஷியர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து வழிவிட, குனிந்து தன் கையால் அடிப்பது தெளிவாக இருந்தது. சத்தம் பதிவாகவில்லை. ஆனால் “பாஸ் ஆகலையே” என்று கேஷியர் தயங்கியதைத் துணை மேலாளரே விசாரணையில் ஒப்புக்கொண்டார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. அந்த நேர்மைக்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்பது பின்னால் வருகிறது.

மூன்றாவது ஆவணம் ஓவர்ரைடுப் பட்டியல். முந்தைய ஒரு வருடத்தில் இதே வியாபாரிக்கு 11 முறை தொகை விடுவிக்கப்பட்டிருந்தது. பதினொன்றும் மேலாளரின் எண்ணில். செக்குகள் எல்லாம் பாஸ் ஆனதால் யாரும் கேள்வி கேட்கவில்லை, தணிக்கையிலும் குறிப்பு இல்லை. ஆக, துணை மேலாளர் செய்தது அந்தக் கிளையில் புதிய வழக்கம் அல்ல.

எங்களையும் திகைக்க வைத்தது நான்காவது விஷயம். செக் திரும்பிய பின் வங்கி யாரிடம் பணம் கேட்க வேண்டும்? முதலில் வாடிக்கையாளரிடம். செக் திரும்பினால் தற்காலிக வரவை மீண்டும் பற்று வைக்கும் உரிமை வங்கிக்கு உண்டு. அமெரிக்காவின் சீரான வணிகச் சட்டத் தொகுப்பு இதற்கென்றே 4-214 என்ற பிரிவை வைத்திருக்கிறது. மற்ற இடங்களில் கணக்கு தொடங்கும்போது கையெழுத்தாகும் நிபந்தனைகளிலேயே இது இருக்கும். கணக்கில் பணமில்லை என்றால், அதே வாடிக்கையாளர் அந்த வங்கியில் வைத்திருக்கும் வேறு வைப்புகளில் ஈடுகட்டிக்கொள்ளவும் நிபந்தனைகளில் பொதுவாக இடமிருக்கும். இந்த வியாபாரிக்கு அதே கிளையில் ஒரு நிரந்தர வைப்பு இருந்தது, கேஷியரின் ஒரு மாதச் சம்பள அளவுக்கு. செக் திரும்பிப் பதினைந்து நாளில் அது முதிர்ந்தது. கிளை அதை முடித்து, முழுத் தொகையையும் அவருக்கே கொடுத்துவிட்டது. கேஷியரின் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அதே வாரத்தில், கையிலிருந்த பணம் வாசல் தாண்டிப் போய்விட்டது.

வியாபாரியும் ஒளிந்துகொள்ளவில்லை. தவணையில் கட்டுகிறேன் என்று மேலாளரிடம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். யாரும் அதை எழுதி வாங்கவில்லை. அவரும் ஏமாற்றப்பட்டவர்தான், சரக்கும் போய்ப் பணமும் போனவர்.

முடிவு

கேஷியரிடமிருந்து எந்த வசூலும் கூடாது என்று விசாரணை அதிகாரி எழுதினார். அதற்குள் இரண்டு மாதங்களில் பிடித்திருந்த அரை மாதச் சம்பளம் திரும்ப வந்தது, வட்டி இல்லாமல். செக்கை இழுப்பறையில் விட்டதற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அது நியாயமானது என்றே நினைக்கிறேன், நாங்கள் மேல்முறையீடு செய்யவில்லை.

வியாபாரியிடம் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, 3 மாதச் சம்பள அளவுக்குப் படிப்படியாக வசூலானது. மீதி 2 மாதச் சம்பள அளவை வங்கி தன் செயல்பாட்டு இழப்பில் எழுதிக்கொண்டது. அந்த வைப்பைப் பிடித்திருந்தால் இதிலும் பாதிதான் மிஞ்சியிருக்கும்.

துணை மேலாளரின் ஓவர்ரைடு அதிகாரம் பறிக்கப்பட்டு, பணிப் பதிவேட்டில் கண்டனம் ஏறியது. மேலாளருக்கு ஆலோசனைக் கடிதம் ஒன்று மட்டும். இது சரியான தண்டனைப் பங்கீடு என்று என்னால் ஏற்க முடியவில்லை. பதினொரு முறை அந்த வழக்கத்தை உருவாக்கியவர் இலேசாகத் தப்பினார். ஒரே முறை அதைப் பின்பற்றி, கேட்டபோது உண்மையைச் சொன்னவர் பதிவேட்டில் கறையோடு நிற்கிறார். அவருக்காக வாதாட அன்று யாரும் இல்லை.

கேஷியர் ஜெயித்தார் என்று சொல்லலாம். ஆனால் விசாரணை நடந்த மாதங்களில் அவர் ஒவ்வொரு செக்கையும் இரண்டு மூன்று தடவை திருப்பிப் பார்ப்பார், வரிசை நீளும், வாடிக்கையாளர்கள் திட்டுவார்கள். முடிவு வந்த பிறகு, ரொக்கம் கையாளாத இருக்கைக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இனி என்ன மாற வேண்டும்

வங்கி இரண்டு மாற்றங்களைச் செய்திருக்கிறது. ஓவர்ரைடு காரணத்தை இப்போது பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க முடியும், அதனால் முற்றுப்புள்ளிக்கு இடமில்லை. குறிப்பிட்ட தொகைக்கு மேல் விடுவித்தால் வாரப் பட்டியலில் ஏறி வட்டார அலுவலகத்துக்குப் போகும், அதில் மேலாளர் போட்டவையும் அடங்கும்.

எங்கள் தரப்பில் இன்னும் மூன்றைக் கேட்டிருக்கிறோம். ஒழுங்கு நடவடிக்கையையும் பண வசூலையும் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டும். எச்சரிக்கைக்குப் போதுமான தவறு, இழப்பை ஏற்கப் போதுமான தவறு ஆகிவிடாது. ஊழியரிடம் ஒரு பைசா கேட்கும் முன், வாடிக்கையாளரிடமும் அவருடைய மற்ற வைப்புகளிலும் வங்கி என்ன முயற்சி செய்தது என்பதைக் கோப்பில் காட்ட வேண்டும். சம்பவம் நடந்த அன்றே உறுதிமொழிக் கடிதம் வாங்குவது நிற்க வேண்டும்.

ஊழியர் முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டிய நிலைமைகளும் உண்டு, அதை நாங்கள் மறுக்கவில்லை. வாடிக்கையாளரோடு கூட்டு, பணம் கொடுக்காதே என்ற தகவல் வந்திருப்பது தெரிந்தே கொடுப்பது, பிறர் கடவுச்சொல்லைத் தன் விருப்பத்துக்குப் பயன்படுத்துவது, சொந்தக்காரர் கணக்குக்குத் தானே விதியைத் தளர்த்துவது எல்லாம் அந்த வகை. இந்த நிகழ்வு அவற்றில் எதிலும் சேராது.

மூன்று கோரிக்கைகளில் முதல் இரண்டுக்கும் வங்கி எழுத்தில் சம்மதம் தெரிவித்திருக்கிறது. உறுதிமொழிக் கடிதம் பற்றி, அது ‘ஊழியர் தாமாக முன்வந்து கொடுப்பது’ என்று பதில் வந்தது. அந்த அச்சடித்த படிவத்தின் நகலை இணைத்து மறுபடி எழுதியிருக்கிறோம்.